ஒரே ஒரு புகார்

"வந்துட்டாருப்பா புகார்ப் பெட்டி!"

முணுமுணுத்தபடியே பேனாவைத் திறந்தாள் சிஸ்டர்.

முன்னாள் ராணுவத்தினருக்கான அந்த ஆஸ்பத்திரியில் புது மாத்திரை ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். போரில் அடிபட்டு, வருஷக்கணக்காக நரம்பு வலியோடு காலம் தள்ளுகிறவர்களுக்கான மாத்திரை. ஒரே படைப்பிரிவில் இருந்த பன்னிரண்டு பேர் தாங்களாகவே வந்து பெயர் கொடுத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் அவர்களை உட்காரவைத்து, மாத்திரையால் வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டு எழுதுவது சிஸ்டரின் வேலை.

பதினோரு பேர் சரியான கல்லுளிமங்கன்கள். எதைக் கேட்டாலும், "ஒண்ணுமில்ல சிஸ்டர்." ஆளுக்கு இரண்டு நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும்.

பன்னிரண்டாவது ஆள்தான் இவர். பட்டாளத்தில் வயர்லெஸ் பார்த்தவர். இடது முழங்காலுக்குக் கீழே பொய்க்கால். உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, யாருக்கும் காட்டாமல் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வாசிப்பார். வாசித்து முடித்ததும் மடித்துப் பையில் போட்டுக்கொள்வார்.

"புதன்கிழமையிலேருந்து மலச்சிக்கல். வியாழக்கிழமை அஞ்சு தடவை பேதி..."

"சார், ரெண்டும் ஒரே ஆளுக்கா?"

"எழுதிக்கோங்க சிஸ்டர். அப்புறம், இடது கால் கட்டைவிரல் மரத்துப்போகுது."

சிஸ்டர் பொய்க்காலைப் பார்த்தாள். அறையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயா சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடிப்போனாள்.

வீட்டில் இவர் பேச்சு எடுபடவில்லை போலிருக்கிறது, இங்கே வந்து கொட்டுகிறார் என்று சிஸ்டர் எப்போதோ முடிவு கட்டியிருந்தாள். முதல் மாதம் பாவம் பார்த்தாள். இரண்டாவது மாதம் பல்லைக் கடித்துக்கொண்டாள். இன்று காலையில் டாக்டர் வேறு, "இவர் ஒருத்தர் ஃபைல் மட்டும் தலையணை மாதிரி இருக்கே!" என்று கடுகடுத்திருந்தார். வெளியே வரிசை வாசல்வரை நின்றது.

"இங்க பாருங்க சார். அந்தப் பதினோரு பேரும் உங்ககூட அடிபட்டவங்கதானே? ஒருத்தராவது வாயைத் திறக்கிறாங்களா? நீங்க மட்டும் தும்மல், இருமலைக்கூட விடாம எழுதி எடுத்துட்டு வர்றீங்க. கொஞ்சம்கூடக் கூச்சமா இல்ல?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மன்னிச்சுக்கோங்க சிஸ்டர்."

"இன்னிக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எது ரொம்ப முக்கியமோ அது. மத்ததெல்லாம் எழுத எனக்கு நேரமில்ல."

அவர் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். கை தன்பாட்டுக்கு மார்பைத் தடவிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

"அப்போ... வலது கண்ணு மங்கலாத் தெரியுதுன்னு எழுதிக்கோங்க."

எழுதினாள். அவர் நன்றி சொல்லிவிட்டு எழுந்துபோய், வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தாளில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தார். அதைக் கவனிக்க அவளுக்கு ஏது நேரம்?

கண் என்றதும் டாக்டர் உஷாராகிவிட்டார். ஒருவருக்கு வந்தது எல்லாருக்கும் வரலாம். அடுத்த செவ்வாய்க்கிழமையே பன்னிரண்டு பேருக்கும் கண் பரிசோதனை என்று ஏற்பாடு செய்தார்.

பதினோரு பேர்தான் வந்தார்கள். அதில், பட்டாளத்தில் லாரி ஓட்டிய டிரைவருக்கு வலது கண் நரம்பில் பாதிப்பு. டாக்டர் அந்த நிமிஷமே அவருடைய மாத்திரையை நிறுத்தினார்.

"இன்னும் ரெண்டு வாரம் விட்டிருந்தா பார்வையே போயிருக்கும்" என்றார்.

சிஸ்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. டிரைவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் சார், போன வாரம் அத்தனை தடவை கேட்டேனே! வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"சொன்னேனே சிஸ்டர். வயர்லெஸ்கிட்ட."

"அவர்கிட்ட எதுக்கு?"

டிரைவர் சங்கடத்தோடு நெளிந்தார்.

"பட்டாளத்துல வலிக்குதுன்னு சொன்னா, ஆகாதவன்னு ஒதுக்கி வெச்சிருவாங்க. அந்தப் பயத்துலயே இருந்து பழகிட்டோம். எங்க யாருக்கும் வாய் வராது. சமையல்காரனுக்குப் பேதி, ஸ்டோர்காரனுக்குக் கால் விரல்... யாருக்கு என்னன்னாலும் அவர்கிட்ட சொல்லிடுவோம், அவர் மேலே சொல்லிடுவாரு. பட்டாளத்துலயும் அதுதானே அவர் வேலை? அவருக்கு இந்த மாத்திரை ஒரு கெடுதலும் பண்ணல."

சிஸ்டருக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. காலியாகக் கிடந்த பன்னிரண்டாவது நாற்காலியைப் பார்த்தாள்.

"அவர் ஏன் இன்னிக்கு வரல?"

டிரைவர் தன் பைக்குள் கைவிட்டார்.

"சனிக்கிழமை போய்ச் சேர்ந்துட்டாரு சிஸ்டர். மாரடைப்பு. சட்டைப் பையில இது இருந்துச்சாம். உங்ககிட்ட கொடுக்கச் சொல்லி அவர் சம்சாரம் கொடுத்தாங்க."

மடித்த தாள். சிஸ்டர் பிரித்தாள். வரிக்கு ஒரு ஆள்: சமையல்காரர், ஸ்டோர்காரர், மெக்கானிக்... 'டிரைவர், வலது கண் மங்கல்' என்ற வரிக்கு எதிரே மட்டும் 'சிஸ்டர் எழுதியாச்சு' என்று ஒரு டிக்.

எல்லாவற்றுக்கும் கீழே, வேறு மையில், கடைசியாக ஒரு வரி:

'எனக்கு: ஒன்பது நாளாக நெஞ்சு வலி. அடுத்த வாரம், சிஸ்டருக்கு நேரம் இருந்தால் சொல்ல வேண்டும்.'