தூபக்கால் ஏந்தியவன்

"நீங்க உக்காருங்க மாமா. நான் சுத்தி வர்றேன்" என்று மிஷால் கை நீட்டினான்.

வீட்டுக்காரர் அபூ துர்கி தூபக்காலைத் தயங்கித்தான் கொடுத்தார். அவரே உட்கார்ந்து மரத்தில் செதுக்கியது. நாலு கால், இடுப்பைச் சுற்றிப் பித்தளை ஆணிகளால் பூவேலை, உச்சியில் தகரம் பதித்த கிண்ணம். அதில் கனன்ற கரித்துண்டின் மேல் அகில் சிராய் பொசுங்க, கூடமே மணத்தது.

"கீழ போட்டுராத தம்பி. ஹாயில் ஊரு முழுக்க அலைஞ்சாலும் இப்படி இன்னொண்ணு கெடைக்காது."

"உசிரு மாதிரி வச்சுக்கறேன் மாமா."

பொய்யில்லை. ஆறு மாதமாக வெள்ளிக்கிழமைக் கூட்டங்களில் அவன் வேலை நடப்பதே இந்தத் தூபக்காலை வைத்துத்தான். புகை வந்ததும் பெரிய மனிதர்கள் எல்லோரும் முன்னால் குனிவார்கள். தலைத்துணியின் இரண்டு முனைகளையும் கூடாரம்போல் தூக்கி, புகையை உள்ளே வாங்கி, சொகுசாகக் கண்ணை மூடிக்கொள்வார்கள். மிஷாலுக்கு அந்த நாலு நொடி போதும். வலது கையில் தூபக்கால் இருந்தாலும் இடது கை சும்மாதானே இருக்கிறது!

அதுவும் இது குளிர்காலம். ஆளாளுக்கு ஆட்டுத்தோல் மேலங்கி, அதில் கிணறு மாதிரிப் பைகள்.

ஒட்டக வியாபாரி குனிந்தார், கண்ணை மூடினார். மிஷாலின் விரல்கள் பைக்குள் போய் வெளியே வந்தன. அடுத்தவர் மருந்துக்கடைக்காரர். அங்கேயும் சுலபமாக முடிந்தது.

மூன்றாவது ஆள்தான் சிக்கல். மர்ஸூக், ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி. வந்ததிலிருந்து ஒரே பாட்டு.

"இந்தக் கூட்டத்துல கை நீளமான ஆள் ஒருத்தன் இருக்கான். போன மாசம் கை கழுவக் கழட்டி வச்ச என் மோதிரம் போச்சு. இன்னும் நாலஞ்சு பேருக்கு நாலஞ்சு சாமான் போயிருக்கு. இன்னிக்கு நான் கண்ணையே மூடப்போறதில்ல."

"உனக்கு எங்க போனாலும் திருடன்தான்யா" என்று ஒட்டக வியாபாரி கிண்டலடித்தார்.

மிஷாலின் தங்கை ஜவாஹிருக்கும் அபூ துர்கியின் மகனுக்கும் நிக்காஹ் தேதி குறித்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அப்பா ஃபாலிஹ், ஊரே மதிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சம்பந்தி பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து பேரீச்சம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாட்டிக்கொண்டால் அந்தத் தேதியும் போகும், அப்பாவின் நிமிர்வும் போகும்.

ஆனால் விட்டுவிடவும் முடியாது. புகை சுற்றி முடிந்தால் எல்லோரும் செருப்பைத் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

மர்ஸூக் முன் நின்றபடி இன்னொரு சிராயைக் கரியில் போட்டு ஊதினான். குபுகுபுவென்று எழுந்த புகை நேராக அவர் முகத்தில் மோதியது. அவர் இருமினார், கண்ணைக் கசக்கினார். இடது கை பைக்குள் இறங்கியது.

இரும்புப் பிடி ஒன்று மணிக்கட்டில் விழுந்தது.

"என் பையில உன் கைக்கு என்னடா வேல?"

காப்பிக் கிண்ணங்கள் பாதி வழியில் நின்றன. அபூ துர்கியின் முகம் கறுத்தது. ஃபாலிஹ் வாயிலிருந்த பழத்தை மென்று விழுங்க மறந்தார்.

"பொறி... பொறி தெறிச்சுது மாமா. பத்திக்குமேன்னு தட்டிவிட்டேன்."

"தட்டிவிட்டியா? எதத் தட்டினன்னு எல்லாரும் பாக்கட்டும்!"

மர்ஸூக் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். கைபேசி வந்தது. கார்ச் சாவி வந்தது. கைக்குட்டை வந்தது. அதன் பின்னால் சிவப்புக் கல் மோதிரம் ஒன்று உருண்டு வந்து, காப்பித் தட்டில் 'டிங்' என்று விழுந்தது.

மர்ஸூக் வாயைப் பிளந்தார். "இது... காணாமப் போன மோதிரமாச்சே!"

"அட மனுசா! மோதிரத்தப் பையில போட்டுக்கிட்டு எங்களையெல்லாம் திருடன்னு சொல்லிட்டிருந்தியா?" ஒட்டக வியாபாரி தொடையைத் தட்டிச் சிரித்தார். கூடமே சேர்ந்து சிரித்தது.

"நான் நாலு தடவ தேடினேன்யா இந்தப் பைய..." மர்ஸூக்கின் காது சிவந்தது. மணிக்கட்டை விட்டு, சாமான்களை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டார். "தப்பா நெனச்சுக்காத தம்பி."

"பரவால்ல மாமா" என்றான் மிஷால்.

ஃபாலிஹ் எழுந்து வந்து மர்ஸூக்கின் தோளில் கை போட்டு அணைத்துக்கொண்டார். "அடுத்தவன சந்தேகப்படறதுக்கு முன்னாடி நம்ம பைய நாமளே நல்லாப் பாக்கணும் மர்ஸூக். பள்ளிக்கூடத்துலயும் இதத்தான் சொல்வேன்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அபூ துர்கி தூபக்காலைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "நல்லபடியா முடிஞ்சுது. தேதிய மறந்துராதீங்க சம்பந்தி" என்று வழியனுப்பினார்.

மிஷால் வண்டியை எடுத்துப் பத்தடி போயிருக்க மாட்டான். "ஏய், நில்லு! நில்லு!" என்று பின்னால் மர்ஸூக்கின் குரல். கண்ணாடியில் பார்த்தான். மேலங்கியைத் தூக்கிப் பிடித்தபடி ஓடி வந்துகொண்டிருந்தார் மனிதர்.

மிஷால் பெருமூச்சு விட்டு பிரேக்கை அழுத்தினான். பக்கத்து இருக்கையின் பக்கம் கையை நீட்டினான்.

"குடுங்க வாப்பா."

முப்பது ஆண்டுகள் மாணவர்களின் பைகளைச் சோதனை போட்ட தலைமையாசிரியர், தலையைக் குனிந்துகொண்டு, மர்ஸூக்கின் கார்ச் சாவியை மகனின் உள்ளங்கையில் வைத்தார்.