அடிப்பிடித்த பால்

"இன்னைக்கும் அடிப்பிடிக்க விட்டுட்டீகளா?" கருகிய பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள் செல்லக்கிளி.

"போனைப் பாத்துக்கிட்டே மறந்துட்டேன்" என்றான் விஜயபாண்டி.

அவள் மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து காலையில் அடுப்படி அவன் பொறுப்பு. மற்றதில் எல்லாம் கெட்டிக்காரன்தான். பால் விஷயத்தில் மட்டும் மூன்று மாதமாகியும் தேறவில்லை.

அவளுக்கு இரண்டு வருஷமாக மூக்கடைப்பு, கன்னத்தில் வலி. வாசனை சுத்தமாகப் போய்விட்டது. மில்லில் வேலை பார்ப்பவள் என்பதால் பரளச்சியில் எல்லோரும் பஞ்சுத் தூசி என்றார்கள். டவுன் டாக்டர்கள் சைனஸ் என்றார்கள். சளியைச் சோதித்தும், நெஞ்சைப் படம் எடுத்தும் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் மதுரையில் மூக்குக்குள் துளி சதை எடுத்துப் பார்த்தபோதுதான் டிபி என்று தெரிந்தது.

செல்லக்கிளி இன்னும் நம்பவில்லை. இருமலே இல்லாதவளுக்கு டிபியா என்று கேட்டாள். ஆரம்பத்தில் விஜயபாண்டி மல்லிகைப்பூவை நீட்டி, வாசம் வருதா என்று கேட்பான். ஒருநாள் அவள் அழுத அழுகையில், கேட்பதையே விட்டுவிட்டான்.

"இந்த மாத்திரை அட்டை இன்னையோட முடியுது. இனிமே போட மாட்டேன்" என்றாள், தேய்த்த பாத்திரத்தைக் கவிழ்த்தபடி.

பாதியில் நிறுத்தினால் நோய் முற்றிவிடும் என்று டாக்டர் சொன்னதை அவன் கெஞ்சாத குறையாக எடுத்துச் சொன்னான்.

"மருந்து கேக்குதுன்னு ஒரே ஒரு அடையாளம் காட்டுங்க. போடுறேன்."

அவன் புது அட்டை வாங்கிவரக் கிளம்பினான்.

மறுநாள் காலை, குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். "ஏங்க, பாலு தீயுது. அடுப்ப அமத்துங்க" என்று கத்திக்கொண்டே ஈரக்கையோடு உள்ளே ஓடினாள்.

அவன் கையில் போன் இல்லை. அடுப்பை ஒட்டித்தான் நின்றிருந்தான். பாலைப் பார்க்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் கலங்கியிருந்தது.

"பக்கத்துல நின்னுக்கிட்டேவா தீய விட்டீக?"

"தெனமும் இங்கனதான் நின்னேன் கிளி, நீ எப்ப கத்துவேன்னு" என்றவன், அடுப்பை அணைத்துவிட்டுப் புது மாத்திரை அட்டையைப் பிரித்தான்.