வடிவு ஒதுங்கிய வாரம்

தம்பி பெண்டாட்டி அன்று சொன்ன காரணத்தை வன்னியராஜ் இத்தனை வருஷமாக நம்பியதே இல்லை.

கொரோனா இரண்டாவது அலை. ஸ்ரீவைகுண்டத்தில் வீட்டுக்கு வீடு இருமல். அவர் மனைவி தனலட்சுமி சென்னையில் மகள் வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து, "வீட்டுக்குத் தூரம்" என்று பாயோடு தொழுவத்து அறைக்குப் போன சுடலைவடிவு, ஒரு வாரம் தாண்டியும் உள்ளே வரவில்லை.

அவரும் தம்பி கண்ணனும்தான் கஞ்சி காய்ச்சினார்கள். மூச்சிளைப்புக்காரி அம்மாவையும் அவர்களே பார்த்தார்கள். அம்மாவுக்கு ஒன்றும் வராமல் போனது சுடலைமாடன் புண்ணியம் என்று பிறகு கிடா வெட்டினார்கள்.

இப்போது அவர் குடிமாறிப் போன பாளையங்கோட்டை வீட்டில் அம்மா படுத்த படுக்கை. "அத்தையை என்கிட்ட விடுங்க" என்று வடிவு போன் மேல் போன்.

"நோய்க்குப் பயந்து ஒளிஞ்சவகிட்டயா அம்மாவ விடச் சொல்லுத?" என்று மனைவியிடம் எரிந்து விழுந்தார்.

"என்னத்த ஒளிஞ்சா? அவளுக்கு அதுக்கு முந்தின வருஷமே தீட்டு நின்னு போச்சு. எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கா."

"பாத்தியா! அப்போ சொன்னது பச்சைப் பொய்!"

"எதுக்குச் சொன்னான்னு அவகிட்டயே கேளுங்க."

மறுநாள் ஸ்ரீவைகுண்டத்துக்கு பஸ் ஏறிப் போய் நின்றார். வடிவு புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு எதுக்கு வடிவு பொய் சொன்ன?"

அவள் கை நிற்கவில்லை.

"காய்ச்சல் அத்தான். ரசம் கொதிக்கிற வாசமே தெரியல. அத்தைக்கு ஒட்டிக்கிடுமோன்னு பயம்."

"அதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே. 'தினம் டீக்கடைக்குப் போற எங்களுக்கே ஒண்ணுமில்ல. வாசல் தாண்டாத உனக்கு என்ன கொரோனா? மாத்திரையப் போட்டுட்டு உலைய வையி'ன்னு பதில் வந்துச்சு. தூரம்னு சொன்னாத்தான் அடுப்படிப் பக்கம் வராதேன்னு சொல்லுவிய."

'கண்ணன் எப்பவுமே முரட்டுப் பயல்' என்று சொல்ல வாயெடுத்தார். வடிவு தலையை நிமிர்த்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.



"அப்படிச் சொன்னது... நானா, வடிவு?"