ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம்

மன நிம்மதியின் விலை நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். மூவாயிரத்துக்குக் கேட்டேன். டிராவல்ஸ் லூர்துபிரகாஷ் இறங்கி வரவில்லை. வாங்காமல் வந்துவிட்டேன்.

அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமைக் காலையில், புதுச்சேரி விமான நிலையத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, ஐதராபாத்தில் பெய்கிற மழையை இங்கிருந்தே திட்டிக்கொண்டிருந்தேன்.

உல்லாசக் கப்பல் சாயங்காலம் விசாகப்பட்டினத்தில் கிளம்புகிறது. நாங்கள் ஐதராபாத் போய், விமானம் மாறி, ஓடிப்போய் அதைப் பிடிக்க வேண்டும். ஒருநாள் முன்னாடியே போய் ஓட்டலில் தங்கிவிடுங்கள், விமானம் லேட்டானால் கப்பல் நிற்காது என்று லூர்துபிரகாஷ் படித்துப் படித்துச் சொன்னான். கண்ணை மூடித் தூங்குவதற்கு எவனாவது நாலாயிரத்து ஐந்நூறு கொடுப்பானா?

பக்கத்தில் என் மனைவி அகஸ்டினா முறுக்கு கடித்துக்கொண்டிருந்தாள். நிதானமாக.

அவளுடைய அக்காமார் இரண்டு பேரும் பிரெஞ்சுப் பட்டாளத்து மாப்பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போய்விட்டார்கள். இவளுக்கு வாய்த்தவன், நேரு வீதியில் சூட்கேஸ் விற்கிற நான். ஊரில் பாதிப் பேர் என் பெட்டியோடுதான் பாரிசுக்குப் போனார்கள். நான் கடையை விட்டு நகர்ந்ததில்லை.

கல்யாணத்தன்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். 'ஒருநாள் உன்னையும் கப்பலில் பிரான்சுக்குக் கூட்டிப் போகிறேன்' என்று சொல்லித் தொலைத்தேன்.

இருபத்தாறு வருடமாக, அக்காவோடு பேசிவிட்டுப் போனை வைத்ததும் என்னை ஒரு பார்வை பார்ப்பாள். வட்டி கேட்காத பார்வை. அதுதான் கஷ்டம்.

போன மாதம் லூர்துபிரகாஷ் ஒரு வழவழப்பான புத்தகத்தை நீட்டினான். விசாகப்பட்டினத்தில் ஏறினால், ஞாயிற்றுக்கிழமை காலையில் 'கிழக்கின் பிரெஞ்சு ரிவியரா'. பிரான்சு மாதிரியே இருக்கும், ஒரு பகல் முழுக்கச் சுற்றிப் பார்க்கலாம் என்றான்.

விசா உண்டா என்றேன். வேண்டாம் என்றான்.

பெயரில் பிரெஞ்சு இருக்கிறது, விசாச் செலவு இல்லை. வேறு யார் கண்ணிலாவது படுவதற்குள் முன்பணம் கட்டிவிட்டேன்.

காலையில் ஆட்டோ ஏறும்போது, வைத்திக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அஞ்சலியிடம் அகஸ்டினா, "ஞாயித்துக்கெழமைக்கு வஞ்சிரம் எடுத்து வை, தலையோட" என்றாள். ஞாயிற்றுக்கிழமை நாம் ரிவியராவில் இருப்போம் என்று ஞாபகப்படுத்தினேன்.

"இருப்போம், இருப்போம்" என்றாள்.

கவுன்ட்டரில் இருந்த பெண் விமானம் இரண்டு மணி நேரம் தாமதம் என்றாள். ஒன்றரைக்கு முடிக்கலாமா என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வேண்டாம் என்பதுபோலத் திரும்பி நடந்தேன். பத்தடி போவதற்குள் கூப்பிட்டு நேரத்தைக் குறைத்துச் சொல்வார்கள் என்பது என் கடைத்தெரு அனுபவம்.

கூப்பிட்டாள். மூன்று மணி நேரமாம்.

அப்புறம் அந்த மூன்றும் போனது. ஐதராபாத்திலிருந்து விமானம் இன்று கிளம்பவே கிளம்பாது என்று ஒலிபெருக்கியில் மூன்று மொழிகளில் சொன்னார்கள். மூன்றிலும் ஒரே சேதிதான்.

லூர்துபிரகாஷுக்குப் போன் போட்டேன். "ஃப்ளைட்டு வரலைடா. கப்பல் போச்சு" என்றபோது குரல் உடைந்தது. வியாபாரத்தில் அது கூடாது. ஆனால் பக்கத்தில் அகஸ்டினா புதுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கயும் போவலைண்ணா. கப்பல் கம்பெனில பேசிட்டேன். நீங்க ஞாயித்துக்கெழம ரிவியராவுல ஏறிக்கலாம். ராத்திரி கெளம்பி மறுநாள் காலைல மெட்ராஸ்ல எறக்கிடுவான்."

"ரிவியராவுக்கு எந்த ஃப்ளைட்டுடா? அதுவும் லேட்டானா?"



"ஃப்ளைட்டு எதுக்குண்ணா. தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்கு ஆட்டோ புடிங்க. அங்கேர்ந்து போட்ல கூட்டிட்டுப் போவான். டூரிஸ்ட்டுங்க நம்ம பாண்டிச்சேரியத்தான் அப்படிச் சொல்றாங்க."

போனைச் சட்டைப்பையில் வைத்தேன். தவறிக் கீழே விழுந்தது. சட்டையில் பையே இல்லை.

அகஸ்டினா கடைசி முறுக்கை இரண்டாக உடைத்து, பெரிய துண்டை என்னிடம் நீட்டினாள். அப்போதுதான் எனக்கு வஞ்சிரம் ஞாபகம் வந்தது.

"உனக்குத் தெரியுமா?"

"அந்தப் புத்தகத்துல நம்ம ஊரு பீச்சு காந்தி சிலை படம் போட்டிருக்கே. நீங்க வெல போட்ட பக்கத்தத் தாண்டவே இல்ல."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"விசா காசு மிச்சம்னு ஒரு மாசமா விசிலடிச்சிட்டுத் திரிஞ்சீங்க. பாக்க நல்லா இருந்துச்சு."

வெட்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். வியாபாரி சந்தர்ப்பத்தை விடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கப்பலில் ஏற்றிவிட்டால் கல்யாண வாக்கு தீர்ந்ததாக வைத்துக்கொள்ளலாமா என்று மெதுவாகக் கேட்டேன்.

அகஸ்டினா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கப்பல், வரவு. பிரெஞ்சுக்கார ஊர்ல இருபத்தாறு வருசம் குடித்தனம் பண்ணியாச்சு. போனாப் போவுது, அதுவும் வரவு."

எழுந்து என் கடை சூட்கேஸின் கைப்பிடியை இழுத்தாள். பாதியில் சிக்கிக்கொண்டது. ஒரு தட்டு தட்டி இழுத்தாள்.

"வெளியூர் ஒண்ணு பாக்கி. மெட்ராஸ் செல்லாது."