மண்ணும் மின்னலும்

"என் மச்சினன் பேச்சை எடுக்கிறதா இருந்தா, செருப்பைக் கழட்டாம அப்படியே திரும்பிப் போயிடுங்க," என்றார் உள்ளேயிருந்து கிட்டார்காரர்.

மேலாளர் ஏற்கெனவே ஒரு செருப்பைக் கழற்றியிருந்தார். வந்தது வந்தாயிற்று என்று மற்றதையும் கழற்றினார்.

இசைத்தட்டு நிறுவனத்துக்கு அவர் புதிது. அதற்கு முன் மின்விசிறி விற்றுக்கொண்டிருந்தார். பாட்டு என்றால் அவருக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் 'மண்ணும் மின்னலும்' மறுபடி வெளிவராவிட்டால் நீங்களும் மறுபடி மின்விசிறி விற்கப் போகலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அது லேசுப்பட்ட ஆல்பம் இல்லை. வயற்காட்டு மேளத்தையும், கேட்டால் தலை கிறுகிறுக்கும் சைகடெலிக் ராக் கிட்டாரையும் முதன்முதலில் ஒன்றாகப் போட்டுக் கலக்கியவர்கள் இந்தக் கிட்டார்காரரும், மேளம் அடிக்கும் இவர் மச்சினனும்தான். கல்லூரிகளில் அதைப் பாடமாகவே வைத்துவிட்டார்கள். ஆனால் பதிவு முடிந்த அன்றைக்கே இருவருக்கும் முட்டிக்கொண்டது. யார் சத்தம் தூக்கலாக இருக்க வேண்டும் என்பதுதான் தகராறு. நிறுவனம் இரண்டையும் சரிசமமாக வைத்து வெளியிட்டது. அன்றோடு பேச்சு நின்றது, முப்பது வருடமாகிறது.

மறுவெளியீட்டுக்கு இருவர் கையெழுத்தும் வேண்டும். நான் அன்றைக்குக் கேட்ட மாதிரி சத்தத்தைத் திருத்தினால்தான் கையெழுத்து என்று இருவரும் ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார்கள். என்ன கேட்டீர்கள் என்று மேலாளர் விசாரிக்கவில்லை. ஊருக்கே தெரிந்த சங்கதியை எதற்கு விசாரிப்பது?

வாசலுக்கு வந்த கிட்டார்காரரின் மனைவியிடம் மேலாளர் குரலைத் தாழ்த்தித் தன் திட்டத்தைச் சொன்னார். இரண்டு பென்டிரைவ். சிவப்பு மூடி போட்டதில் கிட்டார் மட்டும் தூக்கல், மேளம் பக்கத்துத் தெருவில் கேட்கிற மாதிரி இருக்கும். நீல மூடியில் அது அப்படியே தலைகீழ். ஆளுக்கு ஒன்றைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டால், பிறகு நடுவாக ஒன்றை வெளியிட்டுக்கொள்ளலாம்.

"உங்க தம்பிகிட்டயும் மூச்சு விட்டுடாதீங்கம்மா."

"கையெழுத்து கிடக்கட்டும்," என்றார் அந்த அம்மா. "என் தம்பி இந்த வீட்ல ஒரு வாய் சாப்பிட்டு எத்தனை வருஷமாச்சு, அது யாருக்காவது கவலையா? சிவப்பு இவருக்கு, நீலம் அவனுக்கு. அவ்வளவுதானே? குடுங்க, உள்ள கொண்டுபோய் வைக்கிறேன். நீங்க கை கால் கழுவிட்டு வாங்க."

மேலாளர் கை கால் கழுவிக்கொண்டு வந்தபோது இரண்டு பென்டிரைவும் மேஜைமேல் மடிக்கணினிக்குப் பக்கத்தில் சமர்த்தாக இருந்தன. நீலத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சிவப்பைச் செருகினார். கிட்டார்காரர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். மூன்றாவது பாட்டிலேயே மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

தன் சத்தத்தைத் தானே கேட்டு அழுகிற மனிதரை மேலாளர் இப்போதுதான் பார்க்கிறார். மின்விசிறி வியாபாரத்தில் இந்த மாதிரி ஆட்கள் கிடையாது.

"இப்பத்தான் இது பாட்டு," என்றார் கிட்டார்காரர். "ஆனா அவன் ஒத்துக்க மாட்டானே?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்."

கையெழுத்து விழுந்தது. பென்டிரைவைத் திருப்பித் தரத்தான் அவருக்கு மனமில்லை. வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, மேலாளர் ஊரின் மறுகோடிக்குக் காரை விட்டார்.

மேளக்காரர் தனிக்கட்டை. ஒற்றை அறையில் பாதியை மேளங்களே அடைத்துக்கொண்டிருந்தன. அவரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டார், அழவில்லை. முழுசாகக் கேட்டுவிட்டு அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அத்தான் இதைக் கேட்டாரா?"

"கேட்டாரு," என்று மேலாளர் கூசாமல் சொன்னார்.

"இதையேவா?"

"இதையேதான். கையெழுத்தே போட்டுட்டாரு, பாருங்க."

மேளக்காரர் கையெழுத்தைத் தடவிப் பார்த்தார். தன்னுடையதையும் அதன் பக்கத்தில் போட்டார். பிறகு எழுந்துபோய்க் கொடியில் கிடந்த நல்ல சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"என்னை அக்கா வீட்ல இறக்கி விட்டுடுங்க. அந்த மனுஷன் இவ்வளவு இறங்கி வந்திருக்காரு, நான் வீம்பு பிடிச்சா நல்லாவா இருக்கும்?"

கார் கிளம்பியதும் இன்னொரு தரம் கேட்கலாமா என்றார். மேலாளர் நீல மூடியைக் கழற்றிப் பென்டிரைவைக் காரில் செருகினார்.

கிட்டார் அலறியது. கார் கண்ணாடிகள் அதிர்ந்தன. மேளம் எங்கேயோ பக்கத்துத் தெருவில் கேட்டது.

மேலாளர் கையிலிருந்த நீல மூடியைப் பார்த்தார். மாறிப்போயிருக்கிறது. பாட்டுத் தெரியாத தனக்கே தெரிகிறது என்றால், அடித்த மனிதருக்குத் தெரியாதா? ஓரக்கண்ணால் பார்த்தார். மேளக்காரர் முழங்காலில் தாளம் போட்டபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கே இதைத்தான் சார் கேட்டேன். அவர் கிட்டார் தூக்கலா நிக்கட்டும், என் மேளம் அடங்கியே இருக்கட்டும்னு தொண்டை கிழியக் கத்தினேன். அந்த மனுஷன் கேட்டாத்தானே? மச்சினன் மேளம்தான் மேல இருக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு."

மேலாளர் காரைத் தவறான கியரில் ஓட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டு வாசலில் அந்த அம்மா காத்திருந்தார். தம்பியைக் கையைப் பிடித்து இறக்கி, கன்னத்தைத் தொட்டு, உள்ளே இலை போட்டிருக்கிறது என்று அனுப்பினார். பிறகு கார் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார்.

"அந்த நீல மூடியைக் குடுங்க, சிவப்பை அப்பவே ஒளிச்சு வெச்சுட்டேன்," என்றார். "ரெண்டையும் சேர்த்துக் கேட்டாங்கன்னா திரும்பவும் அடிச்சுக்குவாங்க, ஒவ்வொரு தடவையும் உங்களைக் கை கழுவ அனுப்பிட்டு மூடியை மாத்திப் போட்டுட்டு இருக்க என்னால முடியாது."