அந்தப் பக்கத்துக் கிளை

“உன் மரத்துக் குப்பையை நீயே வெச்சுக்கோ!”

கூடை நிறைய மஞ்சள் வேப்பிலையைச் சுவருக்கு அந்தப் பக்கம் கொட்டினாள் ஷம்ஷாத்.

பங்குனி பிறந்ததும் தண்டையார்பேட்டையில் வெயில் ஏறிவிட்டது. வேம்பும் இலையுதிர்க்க ஆரம்பித்துவிட்டது. மரம் நிற்பது கோவிந்தம்மாவின் கொல்லையில். உதிர்வதெல்லாம் ஷம்ஷாத்தின் கொல்லையில்.

ஷம்ஷாத்துக்குத் தன் கொல்லையைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஐப்பசியில் குடி வந்தபோது அது நிலக்கரித் தூளும் ஓட்டாஞ்சில்லுமாகக் கிடந்தது. ஒண்டியாகக் கொத்தி, மணல் பரப்பி, மூலையில் புதினாப் பாத்தியும் போட்டாள். கீழே சோறு சிந்தினாலும் அள்ளிச் சாப்பிடலாம் என்று அவளே சொல்லிக்கொள்வாள். இப்போதோ, பெருக்கித் துடைப்பத்தை வைப்பதற்குள் கடல் காற்று ஒரு மூச்சு அடிக்கும். தரை மறுபடியும் மஞ்சள்.

“மாசியில ஆளை வெச்சி உன் பக்கத்துக் கிளையை மட்டும் கழிச்சே. என் பக்கம் நீட்டிக்கினு கீறதை அப்படியே வுட்டுட்டே. உன் கொல்லை பளிச்சுன்னு இருக்கணும், குப்பை மட்டும் என் தலையில வியணும். இன்னா மூளைக்கா உனக்கு!”

கோவிந்தம்மா அவளைப் பார்த்தாள். கொட்டிய இலையைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

அதுதான் ஷம்ஷாத்துக்குப் பொறுக்கவில்லை. கோவிந்தம்மா ஒன்றும் ஊமையில்லை. குழாயடியில் அவள் வாய் திறந்தால் டோல்கேட் வரைக்கும் கேட்கும். “என் தொண்டைக்கு இந்தப் பேட்டையில எவ நிப்பா?” என்று அதில் பெருமை வேறு. அப்பேர்ப்பட்டவள் இங்கே மட்டும் வாய் திறப்பதில்லை என்றால் என்ன அர்த்தம்?

“பதில் சொல்லக்கூட நான் லாயக்கில்லியா? இன்னா திமிரு பாரு!”

கயிற்றுக் கட்டிலில் ரஷீது புரண்டு படுத்தான். இரும்புப் பட்டறையில் ராத்திரி முழுக்கத் தகடு வெட்டும் மெஷினில் நின்றுவிட்டு வந்தவன். தகரக் கூரை காய ஆரம்பித்ததால் நாலு நாளாகக் கட்டில் கொல்லைக்கு வந்துவிட்டது. பெண்டாட்டியின் சத்தத்துக்கு அவன் விழிப்பதில்லை, பழகின காது. நெற்றியில் மட்டும் இரண்டு இலை ஒட்டியிருந்தன.

அதைப் பார்த்ததும் ஷம்ஷாத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராகப் போய், மரம் வெட்டும் மாசானத்தைக் கோடாலியோடு கூட்டி வந்தாள்.

மாசானம் அண்ணாந்து பார்த்தான். “இந்தக் கிளையா?” என்று தயங்கினான்.

“ஆமா. என் வூட்டு மேல வந்துகீது. வெட்டுறதுக்கு எனக்குப் பாத்தியதை கீது. இரு, இவரை எய்ப்பிட்டுக் கட்டிலை நவுத்துறேன்.”

அவள் ரஷீதின் தோளைத் தொடப் போனாள். சுவருக்கு மேலே கோவிந்தம்மாவின் தலை தெரிந்தது. வேண்டாம், வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினாள்.

“பாத்தியாண்ணே! மரத்துல கை வெக்கிறோம்னதும் ஓடியாறா!”

மாசானம் கோடாலியைக் கீழே வைத்தான்.

“தங்கச்சி, மாசியில கழிச்சது நான்தான். வருசா வருசம் ரெண்டு பக்கமும் சமமாத்தான் கழிப்பேன். இந்த வருசம்தான் அந்தம்மா, ‘என் பக்கத்தை மொட்டையடி, அந்தப் பக்கம் ஒரு கொப்பைக்கூடத் தொடாதே’ன்னுச்சி.”

“அதைத்தானே நானும் சொல்றேன்!”

“முய்சா கேளு. அவங்க பக்கம் கழிச்சாத்தான் உன் பக்கம் நல்லா தழையும். இப்போ உதிருது. சித்திரையில பாரு, உன் வூட்டுக்காரரு கட்டில் மேல பந்தல் போட்ட மாதிரி கவுந்துக்கும். ‘ராத்திரி ஷிப்டு போற புள்ள, பகல்ல நெழல்ல தூங்கட்டும்’னுச்சி அந்தம்மா.”

ஷம்ஷாத் அண்ணாந்து கிளையைப் பார்த்தாள். மாசானம் குரலைத் தாழ்த்தினான்.

“கோதண்டமும் இதே மாதிரி மெஷின்ல நின்ன ஆளுதான். சொதந்திரம் வந்த வருசம், கத்திரி வெயிலு. பகல்ல தூக்கமில்லாம போயி, ராத்திரி ஒரு நிமிசம் கண்ணு அசந்துட்டாரு.”

கோதண்டம் கோவிந்தம்மாவின் புருஷன். ஷம்ஷாத் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். மொட்டை வெயிலில் கொல்லை காய்ந்து கிடந்தது. சுவரோரத்துக் கையகல நிழலில், தலையில் ஈரத் துண்டோடு குந்தியிருந்தார் கோதண்டம். அவள் கொட்டிய இலையை இடது கையால் அள்ளிக்கொண்டிருந்தார். வலது கை மணிக்கட்டோடு சரி. அது எப்படிப் போனது என்று அவள் இதுவரை கேட்டதில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். கட்டிலில் ரஷீதின் இரண்டு கைகளும் அகலமாக விரிந்து கிடந்தன.

கண் கலங்கிவிட்டது. சுவரருகே போய்க் கேட்டாள்.

“நான்தான் தெரியாம கத்திக்கினே இருந்தேன். பதிலுக்கு நீ ஒரு வார்த்தை பேசியிருக்கலாமேக்கா?”

கோவிந்தம்மா முதலில் ரஷீது தூங்குகிறானா என்று எட்டிப் பார்த்துக்கொண்டாள். பிறகு தலையை நிமிர்த்தி, அவள் காதோரம் கிசுகிசுத்தாள்.

“பேசியிருப்பேன். மெதுவா சண்டை போட எனக்கு வராதேம்மே! என் தொண்டைக்கு உன் புருசன் முயிச்சிக்கினா?”