நூற்றெண்பது கிராம்

“முந்நூத்தி இருபது கிராம், மச்சான்! பழசு ஐந்நூறு. முழுசா நூத்தி எண்பது கிராம் மிச்சம்!”

சமையலறைத் தராசின் மேல் எஞ்சின் மூடியை வைத்துவிட்டுக் குதித்துக்கொண்டிருந்தார் மாப்பிள்ளை. பாறை, மரத்துண்டு, ஓடை என்று எந்த இடத்திலும் கால் ஊன்றாமல் பைக்கை ஏற்றி இறக்க வேண்டிய பந்தயத்தில், பத்து வருடமாகக் கால் ஊன்றிக்கொண்டிருப்பவர் அவர்.

“மாப்பிள்ளை, நீங்க தொண்ணூத்தி நாலு கிலோ,” என்றான் அவர் மனைவியின் அண்ணனான மெக்கானிக். “நேத்து அந்த ரெண்டாவது தட்டை வேண்டாம்னு சொல்லியிருந்தா இதைவிட அதிகமாவே குறைஞ்சிருக்கும்.”

“பொறாமை! என் பொண்டாட்டி பிறந்தநாளுக்கு வாங்கிக் குடுத்தது. மக்னீசியம், தெரியுமா?”

மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டான். வண்டி தப்பாக இறங்கினால் பாறையில் முதல் அடி வாங்குவது எஞ்சினின் பக்கவாட்டில் இருக்கும் அந்த மூடிதான். அது விரிசல் விட்டால் ஆயில் கொட்டிவிடும், பந்தயம் அத்தோடு சரி. மக்னீசியம் எடை குறைவு, ஆனால் அடி தாங்காது என்று இதே வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எத்தனை தடவை தொண்டை கிழியக் கத்தியிருப்பான்!

அதுவும் இந்தத் தடவை சும்மா பந்தயம் இல்லை. இரண்டு முறை தோள் எலும்பை உடைத்துக்கொண்டு வந்த மனுஷனுக்குக் கரண்டியால் ஊட்டி ஊட்டி அலுத்துப்போன தங்கை, போன மாதம் சத்தியமே வாங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தைப் பாதியில் விட்டு வந்தால் திங்கட்கிழமை வண்டியை விற்றுவிட வேண்டும். வண்டி போனால் மாப்பிள்ளை பாதி ஆளாகிவிடுவார் என்பது மெக்கானிக்கின் கவலை.

“ஏம்மா, கல்யாணத்துக்கு முன்னாடி என் பட்டறையில பாதி நாள் ஸ்பானர் பிடிச்சவ நீ. இது உடையும்னு உனக்குத் தெரியாதா?”

“அவர் ஆசைப்பட்டார், அண்ணா. பேசாம மாட்டிக் குடு,” என்றாள் தங்கை.

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. மெக்கானிக்குக்கும் ஒரு மாதிரியாகிவிட்டது. விற்கச் சொன்னது வாய்தான், மனசு கேட்கவில்லை போலிருக்கிறது, பாவம்.

ஆனால் பாசத்தைப் பார்த்துப் பாறை இரக்கப்படுமா? சனிக்கிழமை சாயங்காலம் பட்டறையில் பழைய அலுமினிய மூடியை எடுத்து, மக்னீசியத்தின் அதே பழுப்புத் தங்க நிறத்தில் பெயின்ட் அடித்து வண்டியில் மாட்டினான். மக்னீசியத்தை அழுக்குத் துணியில் சுற்றி, வண்டியோடு போகும் ஸ்பானர் பெட்டியின் அடியில் போட்டான். மாப்பிள்ளை எந்தக் காலத்தில் அந்தப் பெட்டியைத் திறந்திருக்கிறார்? ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வண்டியைக் கொண்டுபோய் அவர் வீட்டில் விட்டுவிட்டு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை. பழைய கல்குவாரி. எட்டாவது தடையில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பாறை. மாப்பிள்ளை ஏறினார், முன்சக்கரம் வழுக்கியது, வண்டி அவரையும் சுமந்துகொண்டு பாறை விளிம்பில் உட்கார்ந்தது.

ணங்!

மாப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை. மெக்கானிக் மட்டும் மீசைக்குள் சிரித்துக்கொண்டான். பக்கத்தில் தங்கை கண்ணை இறுக மூடி, துணி சுற்றிய கட்டைவிரலோடு கைகளைக் கோத்து என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். காய் நறுக்கும்போது விரலில் பட்டுவிட்டதாம்.

“பயப்படாதே, உடையாது,” என்றான்.

“உடையாதா?” என்று படக்கென்று கண்ணைத் திறந்தாள்.

உடையவில்லை. மூடியில் ஒரு கீறல், அவ்வளவுதான். சொட்டு ஆயில் கசியவில்லை. இருபத்து நான்கு பேரில் இருபத்து இரண்டாவதாக வந்தார் மாப்பிள்ளை. ஆனால் முழுசாக முடித்துவிட்டார்!

சாயங்காலம் சமையலறைக்குள் வந்ததும் பெண்டாட்டியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “உன் பரிசுதான் என் வண்டியைக் காப்பாத்திச்சு!” என்றவர், பாடிக்கொண்டே குளிக்கப் போனார்.

குளியலறைக் கதவு சாத்தியதும் மெக்கானிக்குக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

“ஒண்ணு சொல்றேன், அவர்கிட்ட மூச்சு விடாதே. வண்டியைக் காப்பாத்தினது உன் பரிசு இல்லை, இந்த அண்ணன்! பழைய மூடிக்குப் பெயின்ட் அடிச்சு நான்தான் மாட்டினேன். உன் மக்னீசியமா இருந்தா அந்த அடிக்கு முட்டை ஓடு மாதிரி நொறுங்கியிருக்கும். எப்படி நம்ம மூளை?”

தங்கை சிரிக்கவில்லை. எழுந்து போய் அழுக்குத் துணிக் கூடைக்குள் கையை விட்டு, எதையோ எடுத்து வந்து தராசின் மேல் பொத்தென்று வைத்தாள். முள் ஐந்நூறில் போய் நின்றது. பழுப்புத் தங்கப் பெயின்ட்டில் ஒரு கட்டைவிரல் ரேகை பளிச்சென்று பதிந்திருந்தது.

“பெயின்ட் காயவே இல்லை, தொட்டதும் கையில ஒட்டிடுச்சு. காலையில அவர் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள வண்டியைச் சாய்ச்சுப் போட்டு, ஸ்பானர் பெட்டி அடியில கிடந்த மக்னீசியத்தை நானே மாட்டினேன். விரல் கிழிஞ்சதுதான் மிச்சம்,” என்று பல்லைக் கடித்தாள் தங்கை. “உடையும், உடையும்னு நீ சொன்னதை நம்பித்தானே அண்ணா, அதைத் தேடிப் பிடிச்சு அவருக்கு வாங்கிக் குடுத்தேன்!”